நீதிபதியின் தம்பி

அப்பாவின் விறைத்துப்போன வலது கை கோட்டுக்குள் முழுதாக நுழையவில்லை. செல்வநாயகி அதை மெல்ல வெளியே எடுத்து வேட்டியின் மேல் வைத்தாள்.

“கோட்டு இல்லாம எப்படி மேடம்? ஹைகோர்ட் ஜட்ஜா இருந்தவரு. போலீஸ் மரியாதை வேற இருக்குது” என்றார் வக்கீல் சங்கத்திலிருந்து வந்த திருமால்.

“வேட்டியே இருக்கட்டும் சார்.”

அதற்கு மேல் பேசத் தெம்பில்லை. மூன்று வருடமாகத் தூக்கி உட்கார வைத்து, ஊட்டி, துடைத்துவிட்ட உடம்பு. விடியலில் மூச்சு நின்றபோது அவளுக்கு அழுகைக்கு முன் அசதிதான் வந்தது.

விருத்தாசலம் கோர்ட்டில் வக்கீலாகத் தொடங்கி உயர் நீதிமன்றம் வரை போனவர் அப்பா பழமலைநாதன். அவர் சட்டம் படிப்பதற்காகத் தம்பி ராஜாங்கம் எட்டாவதோடு நின்று பீங்கான் சூளை வேலைக்குப் போனார். பின்னாளில், மாவட்டத்து ஏரிகளில் கட்டிய வீடுகளை இடிக்கச் சொல்லி அண்ணன் போட்ட உத்தரவில் தம்பி வீடும் விழுந்தது. வேப்பூரில் மகளோடு போய்த் தங்கிய ராஜாங்கம் அதற்குப் பின் இந்த வாசலை மிதிக்கவில்லை.

“தெரிஞ்சேதான் போட்டீங்களாப்பா?” என்று செல்வநாயகி ஒருமுறை கேட்டாள்.

“அவன் ஒருத்தனுக்காக ஏரிய வுட முடியுமாம்மா?” என்றவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

காலையில் அவள் போன் செய்தபோது சித்தப்பா “சரி” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அது வருவதற்கான சரியா என்று தெரியவில்லை.

போலீஸ்காரர்கள் தெருவில் வரிசை கட்டிக்கொண்டிருந்தபோது ராஜாங்கம் வந்தார். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பந்தலில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தி வழி விட்டார்கள். அவர் அண்ணன் தலைமாட்டில் வெகுநேரம் நின்றார்.

“கடைசியா எதனா சொன்னாரா?”

“ஒரு வருஷமா யாரையும் அடையாளம் தெரியல சித்தப்பா. என்னையே யாருன்னு கேப்பாரு. ஆனா ராஜாங்கம் வந்தானான்னு மட்டும் தெனம் கேப்பாரு.”

“நீ என்னா சொல்லுவ?”

“வந்தாங்கப்பா, நீங்க தூங்கிட்டு இருந்தீங்கன்னு சொல்லுவேன்.”

ராஜாங்கம் துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

“நம்புனாரா?”

“சாப்ட்டுப் போனானான்னு கேப்பாரு.”

உள்ளே யாரோ குடத்தை இறக்கி வைத்தார்கள். செல்வநாயகி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது சித்தப்பா வாசலில் திருமாலிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“வண்டி வேணாங்க. மணிமுத்தாத்துச் சுடுகாடு கிட்டக்கதான இருக்குது. தோள்லயே போவலாம்.”

பாடையைத் தூக்கியபோது முன்பக்கம் ராஜாங்கம் தோள் கொடுத்தார். மற்ற மூவரும் உயரமான இளம் வக்கீல்கள். அவர் பக்கம் மட்டும் பாடை தாழ்ந்தது. மாற்றிக்கொள்ள ஒருவன் கை நீட்டினான். அவர் தலையசைத்து மறுத்துவிட்டார்.

தெரு திரும்பும்வரை அது ஒரு பக்கம் சாய்ந்தபடியே போனது.