எழுதிக் கொடுத்த தம்பி

கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் அறையில் இருந்துகொண்டு யோகேஸ்வரி பலருக்கும் எழுதிக் கொடுத்தாள். நகைக்கடை விளம்பரம், கல்யாண மண்டபத்தின் இணையப் பக்கம், தொண்டு நிறுவனத்தின் ஆண்டு மலர், எது வந்தாலும் எடுப்பாள். அந்த வேலைகளில் ஒரு சுகம் இருந்தது. நகரின் பெருந்தெருவான காலி வீதியில் பஸ்ஸில் போகும்போது தன் வசனம் ஒரு கடையின் முகப்பில் நிற்பதைக் காணலாம். பிடிக்காவிட்டால் முதலாளி முகத்துக்கு நேரே சொல்லுவார்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு எழுதும் கட்டுரைகள் அப்படியல்ல. அவை ஓர் இணையத்தளம் வழியாக வரும். மாணவர் யாரென்று இவளுக்குத் தெரியாது. இவள் யாரென்று அவருக்கும் தெரியாது. மேற்கோள், அடிக்குறிப்பு எல்லாம் பிசகாமல் எழுதி அனுப்பினால், இன்னொருவர் பெயரைப் போட்டுக்கொண்டு அது போய்விடும். ஆனாலும் வாடகைக்குக் கைகொடுத்தது அதுதான்.

உளவள ஆலோசனை படிக்கும் ஒருவருக்கான கட்டுரையில் மட்டும் அவள் தடுமாறினாள். மாணவர் தன் வீட்டில் நடந்த ஒரு சாவைப் பற்றி மனம் திறந்து எழுத வேண்டும். இல்லாத சாவொன்றைக் கட்டிப் பார்த்தாள், உயிரில்லாமல் கிடந்தது. கடைசியில் தன் தம்பி புஷ்பராஜை எழுதினாள். ரயில் பாதையைத் தாண்டிக் கடலில் குளிக்கப் போனவன் திரும்பவில்லை. பாறையில் கழற்றி வைத்த செருப்பு மட்டும் வீட்டுக்கு வந்தது. அம்மா அதைக் கழுவி வெயிலில் காயவைத்தாள். எல்லாவற்றையும் எழுதி, பெயரை மட்டும் மாற்றினாள்.

அதுவரை புஷ்பராஜ் அடிக்கடி அவள் கனவில் வருவான். கட்டுரையை அனுப்பிய பிறகு வரவே இல்லை.

சில வருடங்கள் கழித்து, கொட்டாஞ்சேனையில் ஒரு தொண்டு நிறுவனம் தங்கள் மலருக்கு எழுத அவளைக் கூப்பிட்டது. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாருக்கான கூட்டம். றேமண்ட் என்ற ஆலோசகர், வத்தளைக்காரர், மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

"எனக்கும் ஒரு தம்பி இருந்தவன். கடல்ல குளிக்கப் போனான். செருப்பு மட்டும்தான் வந்தது. அம்மா அதைக் கழுவி வெயில்ல வெச்சா, வந்து போடுவான் எண்டு."

யோகேஸ்வரியின் கை எழுதாமல் நின்றது. முன்வரிசையில் ஒரு தாய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

எல்லாரும் போன பிறகு அவள் அவரிடம் போனாள். "சேர், அது என் தம்பி. அந்தக் கட்டுரைய எழுதினது நான்."

அவர் மறுக்கவில்லை. பக்கத்துக் கதிரையில் மெதுவாக உட்கார்ந்தார். "எனக்குச் சகோதரம் ஒருத்தரும் இல்ல மிஸ். வேலையும் வெளிநாட்டு ஒன்லைன் படிப்புமா இழுபட்ட நேரம், ஆள் வெச்சு எழுதினன். பிறகு ஒருக்கா இங்க சொன்னன். அதைக் கேட்டுத்தான் இவங்க வாய் திறந்து கதைச்சாங்க. விட முடியேல்ல."

கதிரையை அவள் பக்கம் திருப்பினார். "இப்ப அவர் வாறார்."

"யாரு?"

"தம்பி. கனவில. நனைஞ்ச உடுப்போட நிக்கிறார். என்னவோ சொல்ல வாறார், சொல் வருதில்ல. கையால தொடையத் தட்டித் தட்டி நிக்கிறார்."

புஷ்பராஜுக்குத் திக்குவாய். சொல் சிக்கிக்கொண்டால் தொடையைத் தட்டுவான். அதை அவள் கட்டுரையில் எழுதவில்லை. யாரிடமும் சொன்னதும் இல்லை.

"அவனுக்குத் திக்கும் சேர்," என்றாள். "நீங்க சொல்லை எடுத்துக் குடுக்காதீங்க, கோவிச்சுக்குவான். சும்மா பார்த்துக்கிட்டு இருங்க. அவனா சொல்லுவான்."

றேமண்ட் தலையாட்டினார். "இனி இந்தக் கதைய நான் சொல்லமாட்டன்."

மலருக்கு அவள் தாய்மாரைப் பற்றி மட்டும் எழுதினாள். இணையத்தளத்தில் சட்டம், வணிகம் என்று வந்தவற்றை எடுத்தாள். சொந்த வாழ்வைக் கேட்டவற்றைத் தொடவில்லை.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் றேமண்ட் அவளுக்குப் போன் எடுத்தார்.

"அதுக்குப் பிறகு அவர் வரேல்ல மிஸ். ஒண்டும் சொல்லாமலே போயிட்டார். எனக்கு நித்திரை இல்ல. உங்ககிட்ட வந்தாரா?"

அவள் கனவில் அந்த இடம் இன்னும் வெறுமையாகவே கிடந்தது.

"ஆமா," என்றாள். "வந்துட்டான். நீங்க நிம்மதியா தூங்குங்க சேர்."

மறுமுனையில் அவர் அழுவது கேட்டது. அவர் வைக்கும்வரை அவள் போனைக் காதிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள்.