ஓட்டைத் தொட்டி

ஒப்பாரிக்கு நடுவில் சொர்ணலட்சுமி எழுந்துவிட்டாள். அழுகை தாங்காமல் எழுந்தாள் என்று நினைத்து அத்தை செல்லக்கனி கையைப் பிடிக்க, உதறிவிட்டுப் பின்வாசல் வழியாகத் தோட்டத்து நீச்சல் தொட்டிக்கு ஓடினாள்.

தொட்டியின் பழைய காரையைக் கொத்தியெடுத்து, நேற்றுத்தான் கொத்தனார் கருப்பணன் புதிதாகச் சிமெண்டு பூசி முடித்திருந்தார். அப்பா வெள்ளைத்துரை தொட்டி ஓரத்தில் கட்டிலைப் போடச் சொல்லி, படுத்தபடியே அவரை அதட்டி வேலை வாங்கினார். விடியும்போது தூக்கத்திலேயே போய்விட்டார். வெடிக் கம்பெனி முதலாளியான அவர் ஆசையாகக் கட்டிய தொட்டியை ஆமத்தூரே ஓட்டைத் தொட்டி என்றுதான் சொல்லும். இன்று நிறைத்தால் நாளை முழங்கால் தண்ணீர்தான் நிற்கும். அதிலும் எருமை மாதிரி கிடந்துகொண்டு, "நீயும் எறங்கு சுப்பு" என்று மனைவியைக் கூப்பிடுவார்.

"கசியாம நிக்கட்டும், எறங்குறேன்" என்பாள் சுப்புலட்சுமி. அவளுக்கும் அது வாய்ப்பாடாகிவிட்டது.

சித்திரை வெயிலில் பூச்சு வெளுத்துக்கொண்டு வந்தது. கருப்பணன் தலையில் கைவைத்து நின்றார்.

"தண்ணி காட்டலேன்னா சாயங்காலத்துக்குள்ள வெடிச்சிரும் தாயி. சாவு வீட்ல தண்ணி எறைக்கிற கமலைக்கு மாடு பூட்டக் கூடாதுங்காக. நான் என்ன செய்ய?"

சொர்ணலட்சுமிக்கு அப்போதுதான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே சாக்குகளை நனைத்துச் சுவரில் தொங்கவிட்டாள். அப்பாவைத் தூக்கிக்கொண்டு போகும்போது அவையும் காய்ந்திருந்தன.

சுடுகாட்டுக்குப் போன ஆண்கள் திரும்பினார்கள். சிவகாசியிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் வந்த உறவு முழுக்கக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வரவேண்டும். கிணற்றடியில் வாளிகளோடு கூட்டம் முட்டியது. குளித்த தண்ணீரெல்லாம் வாழைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்த சொர்ணலட்சுமி சட்டென்று அண்ணனிடம் போனாள்.

"அண்ணே, எல்லாரையும் தொட்டி விளிம்புல நிக்கச் சொல்லு. அங்கன நின்னு குளிக்கட்டும்."

சங்கரபாண்டியன் திருதிருவென்று விழித்தான். அத்தைக்குத்தான் கோபம் வந்தது.

"தீட்டுத் தண்ணிய அதுலயா விடுவாக?"

"புதுப் பூச்சுல நிக்கிற மொதத் தண்ணிய எப்படியும் எறைச்சுக் கொட்டத்தான வேணும்" என்றார் கருப்பணன், யாரையும் பார்க்காமல்.

காலையிலிருந்து வாயே திறக்காத சுப்புலட்சுமி வாசற்படியில் வந்து நின்றாள். "அவுகளுக்காகக் குளிக்கிற தண்ணிதான, அவுக தொட்டிக்கே போகட்டும். நிறைய ஊத்திக் குளிங்க."

அதற்குமேல் யார் பேசுவது? பெரிய பெரிய முதலாளிகள் கோவணத்தோடு தொட்டியைச் சுற்றி வரிசையாக நின்றார்கள். இளவட்டங்கள் இறைத்து இறைத்து அவர்கள் தலையில் ஊற்ற, தண்ணீர் முதுகில் வழிந்து, சுவரில் இறங்கி, பூச்சைக் கறுக்க வைத்தது. "இந்தப் பக்கம் காயுது மாமா, இங்கன வாங்க" என்று சொர்ணலட்சுமி அவர்களை விரட்டினாள். குளித்தவர்களையே மறுபடி குளிக்க வைத்தாள். பருத்த உடம்புக்காரரான தாய்மாமன் சுந்தரபாண்டி வழுக்கி, உட்கார்ந்தவாக்கில் அடிவரை சறுக்கிப் போனார். எல்லாரும் பதறி எட்டிப் பார்த்தார்கள்.

"மச்சான் இழுத்து விட்டுட்டாருப்பா" என்றார் அவர், கீழே இருந்தபடி.

சிரிப்பு வெடித்தது. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அப்பா இருந்திருந்தால் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்திருப்பார் என்று நினைத்தபோது சொர்ணலட்சுமிக்கு நெஞ்சு நிறைந்துபோனது. பொழுது சாய்கையில் தொட்டிக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் கலங்கலாக நின்றது. கருப்பணன் அதன் மட்டத்தில் கரியால் ஒரு கோடு இழுத்தார்.

மறுநாள் காலையில் சொர்ணலட்சுமி போனபோது அம்மா அங்கே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கரிக்கோட்டைத் தொட்டுக்கொண்டு அப்படியே நின்றது.

"கசியலையே" என்றாள் சொர்ணலட்சுமி.

சுப்புலட்சுமி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகி, தொட்டிக்குள் இறங்கும் முதல் படியில் காலை வைத்தாள்.