ஜீப் நிற்க வேண்டிய வளைவு

அன்று மத்தியானம் நானும் என் கணவர் அன்வரும் ஒரு பொம்மை ஜீப்பைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

ஏற்காடு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு மிளகும் காப்பித்தூளும் தைலமும் விற்கிற கடை. கூட்டம் இல்லாத நாட்களில் மலைப்பாதைகளைப் பற்றி வீடியோ போடுவோம். படம் எடுப்பது அவர், எடிட்டிங் நான். ஒவ்வொரு வீடியோவும் ஒரு மேப்பில் தொடங்கும். மேலிருந்து எடுத்த செயற்கைக்கோள் படத்தின்மீது ஒரு சிவப்புக் கோடு வளர்ந்துகொண்டே போகும். அதன் நுனியில் ஒரு குட்டி ஜீப் ஊர்ந்து போகும்.

"ஏம் புள்ள, வளைவு திரும்புனா உன் ஜீப்பு திரும்ப மாட்டேங்குது. ரிவர்ஸ்லயே நாகலூர் போயிருவான் போல."

"நீங்க எடுத்துட்டு வர்ற படத்துல பாதி ஆட்டம். நான் ஏதாச்சும் கேட்டனுங்களா?"

"மலை ரோடுன்னா ஆடத்தான் செய்யும்."

சிரித்துக்கொண்டே திரையில் விரலை வைத்தார். நாகலூரைத் தாண்டி, கோடு அரைவட்டமாகத் திரும்புகிற இடம். "இங்க ஜீப்பக் கொஞ்சம் நிறுத்து. நின்னதும் என் படம் வரட்டும். மழை உட்டதும் பள்ளத்துல இருந்து மஞ்சு பொகையாட்டம் ஏறும் பாரு, அதப் புடிச்சுட்டு வந்தர்றேன்."

"மழை உட்டிருச்சுங்களா?"

"உட்ட மாதிரிதான்."

பைக்கை எடுத்துக்கொண்டு போனார். நான் ஜீப்பை அந்த வளைவில் நிறுத்தி, அடுத்து வரும் அவருடைய படத்துக்கு இடம் விட்டு வைத்தேன்.

சாயங்காலத் தொழுகைக்கான அஸர் பாங்குக்கு முன்பே மழை மறுபடி பிடித்துக்கொண்டது. பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கும் சொல்லியாயிற்று, அவர் வரவில்லை. அவர் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி போட்டால் மறுபடி அதே பெண் குரல். சிறுவயதிலிருந்து மனப்பாடமான குர்ஆன் ஆயத்தை ஓத ஆரம்பித்தேன். நடுவில் அடுத்த வார்த்தை வரவில்லை. அப்போதுதான் எனக்கு எவ்வளவு பயமாக இருக்கிறது என்று தெரிந்தது. கடை ஷட்டரை இறக்கிவிட்டு, லேப்டாப்பை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ஜீப் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

நாகலூருக்கு ஜீப் ஓட்டும் சின்னராஜ் அண்ணன் அன்றைய கடைசி ட்ரிப்பை முடித்திருந்தார்.

"பாய் எங்காச்சும் டீக்கடையில ஒதுங்கியிருப்பாருங்க. மழை நொம்பப் பேஞ்சுதுல்ல."

"இல்லீங்கண்ணா. ஜீப்பு நிக்கிற எடத்துலதான் நிப்பாரு."

"எஞ் ஜீப்பு இங்கதானே நிக்குது அம்மிணி?"

லேப்டாப்பைத் திறந்து கோட்டை ஓடவிட்டேன். நாகலூர் தாண்டி ஜீப் நின்றது. சின்னராஜ் அண்ணன் திரையைப் பார்த்தார். வண்டியைக் கிளப்பினார்.

நாகலூருக்கு அப்பால் நான் அதுவரை போனதே இல்லை; அதை அண்ணனிடமும் சொன்னேன். மஞ்சு கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டது. விளக்கைப் போட்டால் வெள்ளைதான் திரும்பி வந்தது. அண்ணன் தலையை வெளியே நீட்டி ஓட்டினார். ஆனால் அந்தப் பாதையில் ஒவ்வொரு வளைவுக்கும் நான் மவுஸால் புள்ளி வைத்திருந்தேன். என் கைக்கு அது தெரியும்.

"அடுத்தது சோத்தாங்கைப் பக்கங்கண்ணா. அது முடிஞ்ச உடனே இன்னொண்ணு."

அப்படியே இருந்தது.

"வந்ததே இல்லைன்னீங்க?"

நான் அடுத்த வளைவைச் சொன்னேன். ஒவ்வொரு வளைவும் நான் சொன்னபடியே வந்தது. ஒரு இடத்திலாவது நான் தப்பாகச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். பாதை வேறாக இருந்தால் அவரும் வேறெங்கோ இருப்பார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

அந்த வளைவில் பைக் ஸ்டாண்ட் போட்டு நின்றது. ஹெல்மெட் கண்ணாடியில் மாட்டியிருந்தது.

சின்னராஜ் அண்ணன் பெருமூச்சு விட்டார். "பாத்தீங்களா, வண்டி நல்லாத்தான் நிக்குது. பாய்! ஊட்டுக்கு வாங்க, அம்மிணி லேப்டாப்பத் தூக்கிட்டுத் தேடி வந்திருக்குது!"

எங்கோ கீழே தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

அண்ணன் டார்ச் அடித்தார். ரோட்டோரத்தில் கேமரா ஸ்டாண்டின் மூன்று கால்களும் ஊன்றியபடி இருந்தன. கேமரா பள்ளத்தைப் பார்த்து நனைந்துகொண்டிருந்தது. அதற்கு ஒரு அடி தள்ளி ரோட்டின் விளிம்பையே காணோம், கடித்து எடுத்தது போல இருந்தது. செம்மண் புதிதாகத் தெரிந்தது.

என் திரையில் அந்த இடம் வெறும் கரும்பச்சை. காப்பிச் செடிகள் என்று நினைத்திருந்தேன். மேலிருந்து பார்க்கிற படத்தில் ஆழம் கிடையாது. இப்போது டார்ச் வெளிச்சம் உள்ளே போனது, எதன்மேலும் படவில்லை.

ஒரு அடி முன்னால் வைத்தேன். அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்தார். "வேண்டாம் அம்மிணி. மண்ணு இன்னும் எறங்குது." சின்னக் கற்கள் உருண்டு போகிற சத்தம் கேட்டது. அவை விழுந்த சத்தம் கேட்கவில்லை.

நான் அன்வரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவரைப் பெயர் சொல்லி நான் கூப்பிட்டதில்லை.

எஸ்டேட் ஆட்கள் கயிறும் விளக்குமாக வந்தார்கள். விடிந்தபிறகுதான் இறங்க முடிந்தது. அவரைப் போர்த்தி மேலே கொண்டுவந்தார்கள்.

அவருக்காக நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருந்த இத்தா முடிந்து வெளியே வந்ததும் அந்த வழியாகப் போகிற பஸ்ஸில் ஒருநாள் ஏறினேன். மலைப்பக்க ஜன்னலாகப் பார்த்து உட்கார்ந்தேன். நாகலூர் தாண்டியதும் கண்ணை மூடிக்கொண்டேன். மூடினாலும் ஒவ்வொரு வளைவும் தெரிந்தது. முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்ததைப் பார்த்து, பக்கத்தில் இருந்த பெண் மடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தாள்.

"ஏனுங்க, தலை சுத்துதுங்களா? இத மோந்து பாருங்க."

ஜீப்பை நான் நிறுத்தி வைத்த வளைவு வந்ததும் பஸ் வேகம் குறைந்தது. ஹாரன் இரண்டு முறை அலறியது. நான் அவள் கையைப் பிடித்துவிட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க, வளைவுதான். நான் பள்ளிக்கூடம் போன காலத்துல இருந்து இங்க வந்தா எல்லா டிரைவரும் ரெண்டு வாட்டி அடிப்பாங்க, எதுக்க வர்ற வண்டிக்குத் தெரியணுமில்லீங்க."

கண்ணைத் திறந்தேன். எதிரில் வண்டி எதுவும் இல்லை. பஸ் நிற்காமல் திரும்பிக்கொண்டிருந்தது.