சம்மந்தம் திறந்த மடை

1

மண்ணை வெட்டி வெட்டி மடையில் போட்டாள் கனகாம்பாள். முழங்கால் சேற்றில் நின்று, மூச்சிரைக்க மிதித்தாள். அவளுடைய நாற்றங்கால் தண்ணீரை அடுத்த வயல் சம்மந்தம் மொத்தமாக வடித்துவிட்டிருந்தான். இப்போது இந்த மடை வழியாகத் தன் வாய்க்கால் தண்ணீரை உள்ளே விட்டுக்கொண்டிருந்தான்.

"டேய் சம்மந்தம், என் நாத்தங்கால்ல ஒனக்கு இன்னாடா வேல?"

"கத்தாதக்கா. பனியில தண்ணி ஐஸாட்டம் கெடக்குது. வடிச்சிட்டு என் குழாக்கெணத்துத் தண்ணி உடறேன். வெதுவெதுன்னு இருக்கும், நாத்து பொழச்சிக்கும்."

"என் வரப்புல ரெண்டு சாண் தின்னவன், நாத்துக்கு வெந்நி வெச்சுக் குளிப்பாட்ட வந்துட்டியா?"

(இதை எனக்குச் சொன்னவள் கனகாம்பாளேதான். ஆனால் நான் முதலில் எழுதிய தொடக்கம் வேறு: 'பாகூர் ஏரிக்கரையில் ஒரு கறுப்பு உருவம் பதுங்கிப் பதுங்கி' – அடித்துவிட்டேன். பொழுது விடிந்திருந்தது. யாரும் பதுங்கவில்லை.)

2

பிரெஞ்சுக் கொடி இறங்கிய பின் வந்த இரண்டாவது மார்கழி அது. கனகாம்பாளுக்கு இருந்தது அரைக்காணிக் குத்தகை. நாற்று போனால் நடவு இல்லை.

மடையை அடைத்துவிட்டு ஏரித் தண்ணீரைப் பாய்ச்சினாள். மூன்றாம் நாள் நாற்று வெளுத்து, நுனி சிவந்து, வளராமல் குறுகி நின்றது.

எனக்கு ஒரு வில்லன் வேண்டியிருந்தது. சம்மந்தத்தின் மடியில் விஷப் பொட்டலம் ஒன்றை வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை, எடுத்துவிட்டேன்.*

* கொன்றது குளிர். குளிர்ந்த சேற்றில் வேர் தண்ணீர் குடிக்காது, உரமும் ஏறாது. இலையில் பச்சை ஊறுவது நின்றுபோகும். செய்து வைத்த சர்க்கரையைக் கீழே அனுப்ப முடியாமல் இலை தன்னிடமே தேக்கிக்கொண்டு சிவக்கும். பார்ப்பவருக்கு யாரோ மருந்து வைத்த மாதிரிதான் தெரியும்.

3

இருவருக்கும் நிலக்காரர் அரங்கநாதன்தான். கனகாம்பாள் அவர் வாசலில் போய் நின்றாள்.

"ஐயா, அவன் தண்ணிய வடிச்சான். நாத்து செத்துப்போச்சு."

சம்மந்தம் குறுக்கே வந்தான். "நான் உட்ட தண்ணிய அடைச்சது யாருன்னு கேளுங்க. பொழைக்கட்டும்னுதாங்க உட்டேன்."

"ஒனக்கும் அவளுக்கும் பேச்சே கெடையாதேடா. திடீர்னு இன்னா பாசம்?"

"ஆளுமேல கோவம் இருக்குதுங்க. நாத்துமேல இன்னா கோவம்?"

அரங்கநாதன் சிரிக்கவில்லை. "நாளைக்குக் காலைல வந்து பாக்குறேன். ஒன் தண்ணி பட்ட எடத்துல ஒரு நாத்தாவது பச்சையா இருந்தா நீ சொல்றது நெசம். இல்லன்னா குத்தகைய உட்டுட்டுப் போயிடு."

4

முடிவாக இரண்டு எழுதினேன். ஒன்றில் சம்மந்தம் ஏரைத் தோளில் போட்டுக்கொண்டு, பெண்டு பிள்ளைகளோடு ஊரைவிட்டுப் போகிறான். மற்றதில் கனகாம்பாள் அரங்கநாதன் காலில் விழுந்து, 'தப்பு என்மேலதாங்க' என்று – இது பத்திரிகைக்குப் பிடிக்கும். எனக்குக் கை வரவில்லை.

அரங்கநாதன் என்ன தீர்ப்புச் சொன்னார் என்று கனகாம்பாள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் இதுவரை நான் உங்களிடம் மறைத்த ஒன்றைத் தெரிந்துகொண்டு முடியுங்கள்.

அன்று விடிந்ததும், அரங்கநாதனுக்கு முன்பே அவள் போய்ப் பார்த்தாள். அவசரத்தில் அடைத்த மண் இறுகவில்லை. இத்தனை நாளும் சம்மந்தத்தின் தண்ணீர் அதன் வழியே கசிந்துகொண்டிருந்தது. அது நனைத்த இரண்டு முழ இடத்தில் மட்டும் நாற்று கரும்பச்சையாக நிமிர்ந்து நின்றது.

ஒன்று விடாமல் பிடுங்கி மாட்டுக்குப் போட்டாள்.