முப்பத்தாறாம் நம்பர் மூட்டை

அந்தச் சலவைக் கடையில் கறை பார்ப்பது அவள் வேலை. மூட்டையைப் பிரித்து, ஒவ்வொரு துணியாக விளக்கடியில் விரித்து, கறை இருக்கும் இடத்தில் சாக்கட்டியால் வட்டம் போட்டு, வீட்டு நம்பர் எழுதிய துண்டுத் துணியைக் காலரில் குத்தி உள்ளே அனுப்ப வேண்டும். எட்டே மாதத்தில் தேர்ந்துவிட்டாள். எந்த வீட்டில் யாருக்குச் சளி, எந்த வீட்டுக்காரர் உடம்பைக் குறைக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வறுத்ததும் பொரித்ததுமாய்த் திருட்டுத்தனமாகத் தின்கிறார், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. "போலீஸ் வேலைக்குப் போக வேண்டியவ, வழி தப்பி இங்க வந்துட்டா" என்று கடைக்காரம்மா கேலி செய்வாள்.

வழி தப்பித்தான் வந்தாள், பொய்யில்லை. வலது கையில் மாவுக்கட்டோடு வேலை கேட்டு நின்றவள், புருஷன் கையை முறுக்கி ஒடித்த கதையை முதல் நாளே கொட்டித் தீர்த்துவிட்டாள். அவள் வேறு ஊருக்குப் போய்விட்டாள் என்று அம்மா அவனிடம் சொல்லி வைத்திருந்தாள். அவன் வீடு இருப்பது ஊரின் ஒரு கோடி, கடை மறுகோடி. அவள் இங்கே இருப்பது அம்மாவுக்கும் தங்கைக்கும் மட்டும்தான் தெரியும். வேறு யாருக்கும் மூச்சு விடவில்லை என்று இரண்டு பேரும் அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார்கள்.

முப்பத்தாறாம் நம்பர் அம்மா வீடு. ஞாயிற்றுக்கிழமை தோறும் மத்தியானம் அவள் அங்கே போய்ச் சாப்பிட்டு வருவாள். செவ்வாய்க்கிழமை கடை வண்டி போய் எடுத்து வரும், வெள்ளிக்கிழமை திருப்பிக் கொடுக்கும். இந்த வாரம் மூட்டையோடு தங்கை கையெழுத்தில் ஒரு சீட்டு: 'வண்டியில் அனுப்ப வேண்டாம். சனிக்கிழமை கடைக்கே வந்து வாங்கிக்கொள்கிறோம்.'

அதைப் படித்ததும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. எட்டு மாதத்தில் இந்தக் கடைப் பக்கம் அம்மாவும் எட்டிப் பார்த்ததில்லை, தங்கையும் எட்டிப் பார்த்ததில்லை. "சனிக்கிழமை எங்க வீட்டு ஆளுங்க வர்றாங்க" என்று கடைக்காரம்மாவிடம் இரண்டு தரம் சொன்னாள். உட்கார நல்ல நாற்காலி ஒன்றையும் துடைத்துத் தனியாக வைத்தாள்.

அப்புறம் உட்கார்ந்து மூட்டையைப் பிரித்தாள். இரண்டு போர்வை, தங்கையின் ஆபீஸ் உடுப்பு, தலையணை உறை. அதற்கு அடியில் ஒரு வெள்ளைச் சட்டை.

ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் சட்டை ஏது என்று அதை விளக்கடியில் விரித்தாள். மேலிருந்து மூன்றாவது பட்டன் பச்சை நூலில், கோணல்மாணலாகத் தைத்திருந்தது. அதை வேறு யார் தைத்திருக்க முடியும்? கை ஒடிந்த அன்றைய இழுபறியில் அறுந்த பட்டன் அது. மறுநாள் காலை அவன் சட்டையை அவள் மடியில் எறிந்து, "இத யார் வந்து தைப்பா?" என்று கேட்டான். வலது கை மாவுக்கட்டுக்குள் கிடக்க, இடது கையால் தைத்துக் கொடுத்தாள். அவன் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். அவன் தெருமுனை திரும்பியதும் அவள் வீட்டை விட்டு வந்தாள்.

மார்புப் பக்கம் எண்ணெய்க் கறை. கறை மேல் வெள்ளையாய்ப் படிந்திருந்ததை விரலால் தொட்டு முகர்ந்தாள். முகப் பவுடர். எண்ணெய் சிந்தியதும் பவுடரைத் தூவித் தேய்ப்பது அம்மாவின் கைவழக்கம். ஒரு முறை அவள் கன்னம் கன்றிப்போய் வந்தபோதும் அம்மா அதே டப்பாவைத் திறந்து, "நாலு பேர் கேக்காம இருக்கட்டும்" என்று பூசிவிட்டிருக்கிறாள். ஆக, அவன் அந்த வீட்டில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டிருக்கிறான். பெற்ற மனசு பதறத்தான் செய்திருக்கிறது, சட்டைக் கறைக்கு.

சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு அம்மாவுக்கு ஃபோன் போட்டாள்.

"அம்மா, அவர் வீட்டுக்கு வந்தாரா?"

"யார் சொன்னா?"

"சட்டை வந்திருக்கு."

"அத நம்ம வீட்டுலயே தொவைக்கணும்னு தனியா எடுத்து வச்சேனே. உன் தங்கச்சி ஒருத்தி, எல்லாத்தையும் வாரித் திணிச்சிருக்கா." முதலில் அம்மாவுக்கு வந்த வருத்தம் அதுதான். பிறகு குரல் தாழ்ந்தது. "கோவப்படாம கேளு. ஒரு மாசமா வர்றாரு. கால்ல விழுந்து அழுதாருடி. தங்கச்சியப் பாக்க வந்தவங்க மொதல்ல கேட்டதே மூத்த மாப்பிள்ளை எங்கன்னுதான். நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"கைய ஒடிச்சுட்டாருன்னு சொல்லு."

"அதச் சொன்னா இந்த வீட்டுல யாரு பொண்ணெடுப்பா?"

"சனிக்கிழமை யாரும்மா வர்றது?"

"ரசீது அவர்கிட்ட இருக்கு. நேர்ல பாத்துப் பேசினா சரியாப் போயிடும். கடைன்னா நாலு பேர் இருப்பாங்க, அவரும் அடக்கமா இருப்பாருன்னு தங்கச்சிதான் சொன்னா."

நாலு பேர். அவன் கையை ஓங்கக் கூடிய ஆள்தான் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் கடை விலாசம் அச்சடித்த ரசீதை அவன் கையில் கொடுத்திருக்கிறார்கள். அவள் ஃபோனை வைத்துவிட்டு, ஆவி அடிக்கும் இஸ்திரி மேஜைக்குப் பின்னால் போய் நின்று வாய்விட்டு அழுதாள். அவன் அடித்த நாளில்கூட இப்படி அழவில்லை. அன்றைக்கு ஓடிப்போக அம்மா வீடு என்று ஒன்று இருந்ததே.

கடைக்காரம்மா எல்லாவற்றையும் கேட்டாள். பக்கத்து ஊரில் கடை வைத்திருக்கும் தன் நாத்தனாரை ஃபோனில் கூப்பிட்டுப் பேசிவிட்டு அவளிடம் சொன்னாள்: "அங்க உனக்கு வேலை இருக்கு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறிடு. சனிக்கிழமை அவன் வரட்டும், நான் பாத்துக்கறேன். மூட்டையக் குடுப்பேன், ஆளக் குடுக்க மாட்டேன்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் முப்பத்தாறாம் நம்பர் துணிகளை அவளே இஸ்திரி போட்டாள். அம்மாவின் போர்வையை, அம்மாவுக்குப் பிடித்த மாதிரி ஓரம் உள்ளே வைத்து மடித்தாள். சட்டையில் கறை போயிருந்தது. பச்சை நூல் போகவில்லை. துடைத்து வைத்த நாற்காலியைப் பழைய இடத்தில் கொண்டுபோய்ப் போட்டாள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அம்மா ஃபோனில் கூப்பிட்டாள். அவன் பேச்சையே எடுக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை வருவதானே?"

"வரேம்மா."

"எத்தன மணிக்கு?"

எட்டு மாதமாக வாரா வாரம் அம்மா கேட்கும் கேள்விதான். இதைக் கேட்க ஒரு ஆள் இருக்கிறதே என்று எத்தனையோ நாள் அவள் நெஞ்சு குளிர்ந்திருக்கிறது.

"எப்பவும் போல பன்னெண்டு மணிக்கு."

"சரி, தட்டு எடுத்து வைக்கிறேன்."

எத்தனை தட்டு என்று கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை. பஸ் அப்போது ஊரைத் தாண்டியிருந்தது.