ஒடிந்த முளை

சுழலும் பாலத்தை வெல்டிங் வைத்து, இனித் திறக்காதபடி நிரந்தரமாக மூடிவிடலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். அதற்காகத்தான் துறைமுக அலுவலகம் பொறியாளரான அவளை அனுப்பியிருந்தது. அவளுக்கும் அதில் மறுப்பில்லை.

ஏழு வருஷத்துக்கு முன்னால், கப்பலுக்கு வழிவிட்டு ஆற்றின் நடுத்தூணில் சுழன்று நின்ற அந்தப் பாலம், பலத்த காற்றில் தானாகத் திரும்பியது. நசுங்கிச் செத்தவன் அவளுடைய அண்ணன். அங்கே ஃபிட்டராக இருந்தவன். பூட்ட மறந்துவிட்டான் என்று விசாரணையில் எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகு பாலத்தை யாரும் சுழற்றவேயில்லை.

"மூடித் தொலைச்சிடு. அந்தப் பக்கம் நான் தலைவெச்சுக்கூடப் படுக்கறதில்லை" என்று அண்ணி சொல்லி அனுப்பியிருந்தாள்.

அவளும் பாலத்துக்கு எண்ணெய் போடுகிறவரும் நடுத்தூணின் குழிக்குள் இறங்கினார்கள். பாலத்தைச் சுழலவிடும் நூறு வருஷத்து உருளைகள் வட்டமாக, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தன. பாலத்தை அசையாமல் இறுக்கியிருந்த ஓரத்து ஆப்புகளைக் கழற்றிவிட்டு இருவரும் கைச்சக்கரத்தைத் தள்ளினார்கள். நானூறு டன் இரும்பு, முனகிக்கொண்டே ஒரு விரற்கடை நகர்ந்தது. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பிறகு, பாலம் திறந்திருக்கும்போது அதைப் பிடித்துக்கொள்ளும் பூட்டுத் துளையைச் சுரண்டினாள். இறுகிப்போன கிரீஸுக்குள், பூட்டுக்கான இரும்பு முளை ஒன்று ஒடிந்தபடி தட்டுப்பட்டது. துளை நாலு விரல் அகலம். முளை இரண்டு விரல்கூடத் தேறாது. பழைய முளையை மாற்றிய யாரோ கிடைத்ததைச் செருகியிருக்கிறார்கள்.

"விசாரணைக்கு வந்தவங்க இதைப் பாக்கலையா?"

"அவங்க கீழயே இறங்கலைன்னு பேசிக்குவாங்கம்மா."

படமெடுத்துவிட்டு, முளையை அப்படியே விட்டாள். மறுநாள் காலை அண்ணியைக் கையோடு கூட்டிவந்தாள். அண்ணி ஏணியில் ஒவ்வொரு படியாகப் பிடித்துப் பிடித்து இறங்கினாள்.

"அண்ணன் பூட்டியிருக்கான் அண்ணி. முளைதான் ஒடிஞ்சிருக்கு."

அண்ணி துளைக்குள் விரலை விட்டுத் தடவினாள்.

"மறதிக்காரப் பாவின்னு ஏழு வருஷமா மனசுக்குள்ள அவரைத் திட்டிக்கிட்டே இருந்தேன்டி" என்றாள். அங்கேயே உட்கார்ந்து அழுதாள். எண்ணெய்க்காரர் மேலே ஏறிப்போனார்.

அன்றே அவள் அறிக்கை எழுதினாள்: பாலத்தை மூடத் தேவையில்லை, சுழலும் அமைப்பில் குறையில்லை, இறந்தவர் பூட்டியிருக்கிறார், பூட்டு முளைதான் தரமற்றது. அலுவலகத்தில் முகம் சுளித்தார்கள். கோப்பு நாலு மாதம் இழுபட்டது. கடைசியில் பழைய விசாரணை முடிவை அடித்துத் திருத்தினார்கள்.

புதிய முளையோடு பாலம் மறுபடி சுழன்ற அன்று அண்ணியும் வந்திருந்தாள். கப்பல் கடந்து போகும்வரை அவள் நாத்தனாரின் கையை விடவேயில்லை.