கொப்பான் அரசனின் கழுத்து

கோயில் திருநாளுக்கு இந்த முறை மத்திய அமெரிக்காவின் பழைய மாயர் அரசர்களைப் பற்றிய கூத்து. பங்குச் சுவாமியார் கொடுத்த புத்தகத்தை வைத்து, கூத்துப் பழக்கும் அண்ணாவியார் எமிலியானுஸ் பாட்டுக் கட்டியிருந்தார். கொப்பான் நகரத்து அரசன், கிரிகுவா என்ற சிறு நகருக்குத் தன் கையாலேயே ஒருவனை முடிசூட்டி வைக்கிறான். அவனோ எதிரி நகரமான காலக்முல்லோடு இரகசியமாய்ச் சேர்ந்து, முடிசூட்டியவனையே பிடித்துக் கழுத்தை வெட்டுகிறான்.

கொப்பான் அரசன் தோமஸ். வெட்டுகிற கிரிகுவா அரசன், தோமஸின் மனைவியின் தம்பி வலன்ரைன். காலக்முல் அரசன் அருட்பிரகாசம்; தலைமன்னாரில் தோமஸுக்குப் போட்டியாக வள்ளம் விடுகிறவர்.

தோமஸுக்கு வலது கண்ணில் பூ விழுந்ததிலிருந்து வலன்ரைன்தான் வள்ளம் ஓட்டுகிறான். அவன் போனால் வள்ளம் மணலில்தான்.

இப்போது பின்னேரங்களில் வலன்ரைன் அருட்பிரகாசத்தின் மீன்வாடிக்குப் போனான்.

"பாட்டுப் பழகப் போறான். அந்தாளுக்கு ராகம் பிடிபடேல்லையாம்" என்றாள் தோமஸின் மனைவி செலீனா.

"ஓம். உன்ர தம்பி நல்லாப் பாடுவான்தான்."

அன்றைக்கே தோமஸ், தனக்குத் தெரியாமல் வள்ளம் கடலுக்குப் போகாதபடி, அதன் இயந்திரத்தின் எண்ணெய்க் குழாயைக் கழற்றி வீட்டு அலுமாரிக்குள் பூட்டினான். காலையில் கரைக்கு வந்த வலன்ரைன் இயந்திரத்தைப் பார்த்தான். தோமஸ் கையில் கொண்டு வந்திருந்த குழாயைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் வாங்கி இயந்திரத்தில் மாட்டினான். அவன் கேட்காததே தோமஸை உறுத்தியது. குற்றமில்லாதவன் சண்டைக்கு வந்திருப்பானே.

கோயில் வளவில் கடைசி ஒத்திகை. காலக்முல்லும் கிரிகுவாவும் சேர்ந்து பாடினார்கள். குரல் இரண்டும் பிசிறில்லாமல் பொருந்தின. பாட்டுக்கு இவ்வளவு பழக்கம் வேண்டுமா என்று தோமஸ் நினைத்தான். பிறகு வலன்ரைன் கயிற்றோடு வந்து அவன் கைகளைப் பின்னால் கட்டினான். இறுக்குவான் என்று தோமஸ் பல்லைக் கடித்தான். ஆனால் முடிச்சு ஒரு விரலால் இழுத்தாலே அவிழும்படி இருந்தது.

"அத்தான்," காதோடு சொன்னான் வலன்ரைன், "திருநாள் முடிய நான் அருட்பிரகாசத்தாரின்ர வள்ளத்துக்குப் போறன்."

"எப்ப முடிவெடுத்தனீ?"

"நீங்கள் குழாயைக் கழட்டின அண்டைக்கு. அவர் முந்தியும் கேட்டவர்தான். மாட்டன் எண்டிட்டன்."

பொய்யா? முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவன் நின்றது பூ விழுந்த கண்ணின் பக்கம்.

"டேய் கொப்பான், தலையைக் குனியடா! வெட்டுறவன் எவ்வளவு நேரம் நிக்கிறது?" என்று அண்ணாவியார் கத்தினார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

தோமஸ் குனிந்தான். முகம் தெரியாவிட்டாலும் கால்களாவது ஏதேனும் சொல்லுமா என்று, குனிந்தபடியே மற்றக் கண்ணை வலன்ரைனின் கால்களை நோக்கித் திருப்பினான். மர வாள் கழுத்தைத் தொட்டும் தொடாமலும் நின்றது.